எஃப்18 கேட்டமரானில் ஸ்பின்னக்கர் கட்டுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெதர்லாந்தின் வடகடல் கரையோரக் கிளப்புகளில் பழைய ஃபார்முலா 18 (சுருக்கமாக எஃப்18) கேட்டமரான், அதாவது இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்றை வாங்குவது கடினமான காரியமில்லை. கடினம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. படகோடு ஒரு பை நிறையக் கயிறு வரும். எந்தக் கயிறு எங்கே போக வேண்டும் என்று எழுதிய தாள் எதுவும் அந்தப் பையில் இருக்காது. மெயின் (முதன்மைப்) பாயும் ஜிப் (முன்) பாயும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். காற்றின் போக்கில் ஓடும்போது முன்னால் விரிக்கும் பெரிய பாயான ஸ்பின்னக்கர் அப்படியில்லை. ஏற்றும் கயிறு (ஹாலியார்ட்), இறக்கும் கயிறு, முன்மூலையை இழுக்கும் கயிறு (டாக் கயிறு), பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்க இரு பக்கமும் ஓடும் ஷீட் எல்லாம் ஒன்றையொன்று கடந்து போகின்றன. ஏதாவது ஒன்று தவறான பக்கமாகப் போனாலும் கடலில் பாய் பாதி வழியில் நின்றுவிடும்.

அந்தப் பையை வைத்துக்கொண்டு நான் ஒரு குளிர்காலம் முழுக்க அல்லாடினேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மெயின், ஜிப் இரண்டையும் வைத்து ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது பொருந்தும். வேறு வகைப் படகு வைத்திருப்பவர்களுக்கும் கயிறுகள் போகும் பாதை பெரும்பாலும் இதேதான், அளவுகள்தான் மாறும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஸ்பின்னக்கரை ஏற்றுவது எளிது, காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். ஆபத்து எல்லாம் இறக்குவதில் இருக்கிறது. ஒவ்வொரு கயிற்றையும் கட்டும்போது ‘காற்று ஏறிவிட்டது, கரை நெருங்கிவிட்டது, இப்போது இந்தப் பாய் சிக்காமல் உள்ளே வருமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் எல்லா முடிவுகளும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

1. காசு கொடுக்கும் முன் தாள்களைப் பாருங்கள்

கப்பியும் கயிறும் பிறகு. பந்தயத்தில் இறங்கும் எண்ணம் இருந்தால் முதலில் மூன்று தாள்கள் வேண்டும்.

முதலாவது அளவீட்டுச் சான்றிதழ். இங்கே அதை ‘மேட்பிரீஃப்’ என்பார்கள். தேசியப் படகுச் சங்கமான வாட்டர்ஸ்போர்ட்வெர்போண்ட் வழங்குகிறது. படகை விற்பவரிடம் அசல் சான்றிதழைக் கேளுங்கள். ‘எங்கோ வீட்டில் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்’ என்ற பதிலை நம்பிப் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் அளவீட்டாளரை வரவழைத்துப் படகை எடை போட்டு அளக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் கட்டணம், தனி நாள். பந்தயப் பருவம் தொடங்கிய பிறகு அந்த நாள் கிடைப்பது அரிது. சான்றிதழ் கையில் கிடைத்ததும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாய் அளக்கப்பட்டதற்கான அடையாளம். எஃப்18 வகுப்பில் ஸ்பின்னக்கர் 21, 19 சதுர மீட்டர் என்ற இரண்டு அளவுகளில் உண்டு. பெரியதும் சிறியதும் ஓட்டுநர்களின் மொத்த எடையைப் பார்த்து ஏற்பட்ட அளவுகள். பழைய பாய் வாங்கினால் அதன் மூலையில் அளவீட்டாளரின் கையொப்பமும் தேதியும் இருக்கின்றனவா என்று துணியை விரித்துப் பாருங்கள். விளம்பரத்தில் ‘எஃப்18 ஸ்பின்னக்கர்’ என்று போட்டிருந்தால் போதாது. வேறு வகுப்புப் பாய்கள் அதே பெயரில் விற்கப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது காப்பீடு. பிறர் படகுக்கும் உடலுக்கும் ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யும் காப்பீடு இல்லாமல் பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள். உங்கள் பாலிசியில் ‘பந்தயம்’ என்ற சொல் இருக்கிறதா, விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சில பாலிசிகள் படகின் உடலுக்கு ஈடு தரும். பந்தயத்தில் முறிந்த பாய்மரத்துக்கும் கிழிந்த பாய்க்கும் தராது.

எஃப்18 அல்லாத படகில் புதிதாக ஸ்பின்னக்கர் சேர்ப்பவர்களுக்கு நான்காவதாக ஒரு வேலை உண்டு. வெவ்வேறு வகைப் படகுகளின் நேரத்தை ஒப்பிட உதவும் டெக்ஸல் ரேட்டிங் போன்ற கணக்கீடுகளில் படகின் நீளம், எடை, பாய்ப்பரப்பு எல்லாம் சேர்ந்தே உங்கள் எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஸ்பின்னக்கர் வந்தால் அந்த எண் மாறும். பழைய எண்ணோடு பந்தயத்துக்குப் போனால், நன்றாக ஓட்டினாலும் முடிவுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வாய்ப்புண்டு.

2. பக்கத்துப் படகைப் படமெடுங்கள், பிறகு பட்டியல் போடுங்கள்

உங்களுடையதைப் போன்ற, ஒழுங்காக ஓடுகிற ஒரு படகைக் கிளப்பில் கண்டுபிடியுங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு ஒவ்வொரு கப்பியையும் முடிச்சையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பாய் ஏறிய நிலையில் ஒரு தொகுப்பு, ஸ்நஃபருக்குள் (பாய் வந்து அடங்கும் துணிக்குழாய்) அடங்கிய நிலையில் ஒரு தொகுப்பு என இரண்டு வேண்டும். ஒரு நிலையில் சரியாகத் தெரியும் கயிறு மற்ற நிலையில் வேறு எதன் மேலாவது ஏறிக் கிடக்கும். ஒரு படத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

பாயும் போலும் (படகின் முன்னால் நீளும் குழாய்) ஸ்நஃபரும் ஏற்கெனவே இருக்கின்றன, மற்றதெல்லாம் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான் கடைகளில் பார்த்த விலைகளைத் தோராயமாகச் சொல்கிறேன். 29 மில்லிமீட்டர் பால்பேரிங் கப்பி ஒன்று 20 முதல் 30 யூரோ. இப்படி ஆறு வேண்டும். ஷீட்டுக்கான 57 மில்லிமீட்டர் ராட்செட் கப்பி (ஒரு திசையில் மட்டும் தடையின்றிச் சுழல்வது) ஒன்று 80 முதல் 100 யூரோ. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கிளீட் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒன்று 35 யூரோ அளவில், இரண்டு வேண்டும். ஹாலியார்டுக்கு 30 மீட்டர் கயிறு ஏறத்தாழ 100 யூரோ. ஷீட் 75 யூரோ. டாக் கயிறு, போலைத் தாங்கும் கயிறுகள், எலாஸ்டிக், டேப் எல்லாம் சேர்ந்து 80 யூரோ. மொத்தம் 600 முதல் 700 யூரோவை ஒதுக்கி வைத்துக்கொண்டால் நடுவில் திணற மாட்டீர்கள். பழைய ஸ்பின்னக்கர் சில நூறு யூரோவுக்குக் கிடைக்கும். புதியது ஆயிரத்தைத் தாண்டும்.

பணத்தை எங்கே சேமிக்கலாம், எங்கே கூடாது? ஹாலியார்டும் இறக்கும் கயிறும் ஓடும் கப்பிகளில் ஒரு யூரோவைக்கூடக் குறைக்காதீர்கள். பேரிங் இல்லாத மலிவான கப்பி ஏற்றும்போது தெரியாது; இறக்கும்போது ஒவ்வொன்றும் சேர்ந்து உராய்ந்து உங்கள் கையைப் பிடித்து இழுக்கும். அதற்கு மாறாக ஷீட்டுக்கு விலை உயர்ந்த கயிறு தேவையில்லை. உறுதியைவிட, நீரை உறிஞ்சாமல் கைக்கு மெத்தென்று இருப்பதுதான் அங்கே முக்கியம்.

கப்பி வாங்கும்போது கயிற்றின் விட்டத்தையும் கூடவே சொல்லுங்கள். ஒரு கடையில் எனக்கு 5 மில்லிமீட்டர் கயிறும், அது இறுக்கமாக மட்டுமே நுழையும் சிறிய கப்பியும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். உலர்ந்த கயிறு அதில் ஓடும். உப்புநீரில் ஊறிய பிறகு ஓடாது.

பொருள்கள் தபாலில் வந்துசேர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ‘ரொண்டே ஓம் டெக்ஸல்’ போன்ற பெரிய பந்தயம் ஜூனில் நடக்கிறது. அதற்கு முந்தைய வாரங்களில் நல்ல கப்பிகள் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். பிப்ரவரியிலேயே வாங்கிவிடுங்கள்.

3. போலை நேராக நிறுத்துங்கள்

போல் என்பது முன் பீமின் (படகின் இரு உடல்களை இணைக்கும் குறுக்குக் குழாய்) நடுவிலிருந்து முன்னோக்கி நீளும் குழாய். அதன் நுனியிலிருந்து இரு ஹல்களின் (படகின் உடல்கள்) மூக்குக்கும் ஒவ்வொரு கயிறு போகும். போலின் நடுப்பகுதியிலிருந்து மேலே ஃபோர்ஸ்டே (பாய்மரத்தை முன்னாலிருந்து தாங்கும் கம்பி) சேருமிடத்துக்கு இன்னொரு கயிறு போய், போலையும் ஸ்நஃபரையும் தூக்கிப் பிடிக்கும்.

இந்தக் கயிறுகளுக்கு 4 மில்லிமீட்டர் டைனீமா (உறுதியான செயற்கை இழைக் கயிறு) எடுங்கள்; அது ஒரு டன்னுக்கும் மேல் தாங்கும், நீளாது. பாலியஸ்டர் கயிறு நீண்டுகொடுக்கும். காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் போல் பக்கவாட்டில் ஆடும், பாயின் முன்விளிம்பு துடிக்கும்.

முதலில் போல் நுனியிலிருந்து இரு மூக்குக்கும் உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்து சமமாக்குங்கள். பிறகு நடுக்கயிற்றை இறுக்கினால் போல் நடுவில் சற்றே மேல்நோக்கி வளையும். அந்த வளைவு வேண்டும். அதுதான் மூக்குக் கயிறுகளைத் தளரவிடாமல் வைக்கிறது. எல்லாம் முடிந்ததும் நுனியைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் இறுக்கம் போதவில்லை.

டைனீமாவில் சாதாரண முடிச்சுகள் வழுக்கி அவிழும். ஸ்ப்ளைஸ் போட, அதாவது கயிற்றின் வாலை அதற்குள்ளேயே புதைத்து இணைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கூடற்ற (மேலுறை இல்லாத) டைனீமாவில் அது ஒரு மாலையில் பழகிவிடக்கூடிய வேலைதான். ஊசிபோல வளைத்த மெல்லிய கம்பி ஒன்று போதும். உள்ளே புதைக்கும் வால் நீளமாக இருக்கட்டும். விட்டத்தைப் போல எழுபது மடங்கு புதைத்தால் கவலை இல்லை. 4 மில்லிமீட்டர் கயிற்றுக்கு அது 28 சென்டிமீட்டர்.

4. ஸ்நஃபரைப் பொருத்துங்கள்

ஸ்நஃபர் என்பது ஸ்பின்னக்கர் வந்து அடங்கும் நீண்ட துணிக்குழாய். முன்னால் ஒரு வளையம் அதன் வாய். வால் ட்ரம்போலின் (இரு உடல்களுக்கு நடுவே கட்டிய வலைத்தளம்) பக்கம் பின்னோக்கிப் போகும். வாய்ப்புறத்தைப் போலோடு அசையாமல் கட்டுங்கள். வாலை எலாஸ்டிக்கால் பின்னோக்கி இழுத்துக் கட்டினால் துணி சுருங்காமல் நேராக இருக்கும். துணி மடிந்து கிடந்தால் பாய் அந்த மடிப்பில்தான் சிக்கும்.

வளையத்தின் விளிம்பை விரலால் சுற்றித் தடவுங்கள். நகத்தில் தட்டுப்படும் எந்தப் பிசிறும் நைலான் துணியைக் கிழிக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சிலிக்கான் வகை உலர் ஸ்பிரே அடித்துவிடுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம்; மணல் வந்து ஒட்டும்.

5. ஹாலியார்ட்: பாய்மரம் கீழே இருக்கும்போதே

பெரும்பாலான எஃப்18 படகுகளில் ஏற்றும் கயிறும் இறக்கும் கயிறும் ஒரே நீளக் கயிறுதான். ஒரு முனை பாயின் தலையில் தொடங்குகிறது. பாய்மரத்தின் மேலே உள்ள கப்பிக்குப் போகிறது. பாய்மரத்தோடு கீழே இறங்கி அடியிலுள்ள கப்பி, கிளீட் வழியாக ட்ரம்போலினுக்கு வருகிறது. அங்கிருந்து பின்னால் போய்த் திரும்பி, ஸ்நஃபரின் வால் வழியாக நுழைந்து வாய் வழியாக வெளியே வந்து, பாயின் வயிற்றில் முடிகிறது. ஒரு பக்கம் இழுத்தால் ஏறும், மறுபக்கம் இழுத்தால் இறங்கும்.

மேல் கப்பியைக் கட்டுவதற்குப் பாய்மரத்தைக் கீழே இறக்கிக் குதிரைத்தாங்கிகளில் கிடத்துங்கள். படகைச் சாய்த்து ஏணி வைத்துக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கப்பியை உலோக ஷேக்கிளுக்கு (இணைப்புக் கொக்கி) பதிலாக டைனீமா வளையத்தால் கட்டினால் அது கயிறு இழுக்கும் திசைக்கெல்லாம் திரும்பும்.

பாயின் தலைக்குப் போகும் முனை ஃபோர்ஸ்டேவுக்கு முன்னால் இறங்க வேண்டும். பாய்மரத்தை நிமிர்த்தியதும் கீழே நின்று அண்ணாந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். கயிறு ஃபோர்ஸ்டேவை ஒரு சுற்று சுற்றியிருப்பது கீழிருந்து எளிதில் தெரியாது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் தெரியும். ஹாலியார்ட் பாய்மரத்துக்கு வெளியே ஓடும் படகானால் ஸ்ப்ரெடர் (பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கை) நுனியில் மாட்டாமல் இறங்குகிறதா என்றும் பாருங்கள். கூடவே பாய்மரத்தைக் கையால் இரு பக்கமும் சுழற்றிப் பாருங்கள். சுழலும்போது கயிறு இறுகக் கூடாது.

கயிறு 5 மில்லிமீட்டர் போதும். உள்ளே டைனீமா, மேலே பாலியஸ்டர் கூடு. கையால் இழுக்கும் பகுதியில் கூடு இருக்கட்டும். பாய்க்கு அருகே யாரும் தொடாத பகுதியில் கூட்டை உரித்துவிட்டால் கயிறு மெலியும், தண்ணீர் குடிக்காது, கப்பியில் வழுக்கி ஓடும்.

6. இறக்கும் கயிறு: இங்கே நேரத்தைச் செலவிடுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பகுதிதான் உங்களைக் காப்பாற்றும்.

கயிற்றை ஸ்நஃபருக்குள் நுழைக்க, ஒரு நீளமான பழைய பாய்க்குச்சியின் நுனியில் கயிற்றை டேப்பால் ஒட்டி, பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் துணியைச் சுருக்கிச் சுருக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். வாலில் நுழைத்து வாயில் எடுக்க வேண்டும்.

பாயின் வயிற்றில் இரண்டு தடித்த ஒட்டுகள் தெரியும். சில பாய்களில் மூன்று இருக்கும். கீழ் ஒட்டில் ஒரு வளையம் உண்டு. கயிறு அந்த வளையத்துக்குள் தடையில்லாமல் ஓடி, மேல் ஒட்டில் போய் முடிச்சாக நிற்க வேண்டும். இழுக்கும்போது முதலில் மேல் ஒட்டு கீழிறங்கிக் கீழ் ஒட்டோடு சேரும். பாய் இரண்டாக மடியும். அதன் பிறகு இரண்டும் சேர்ந்து ஸ்நஃபரின் வாய்க்குள் போகும். கீழ் வளையத்திலேயே முடிச்சுப் போட்டால் பாயின் மேல்பாதி கடைசிவரை காற்றில் பறந்துகொண்டிருக்கும்.

மேல் ஒட்டில் எட்டு முடிச்சு போட்டு, முடிச்சுக்கும் துணிக்கும் இடையே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டமான பிளாஸ்டிக் தகடு வையுங்கள். முடிச்சு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறாது. முடிச்சின் வாலை ஒரு சென்டிமீட்டருக்கு வெட்டி நெருப்பில் காட்டி உருக்கி, ஆறும் முன் ஈரத் துணியால் அழுத்தி மழுங்கச் செய்யுங்கள். உருகி இறுகிய கூரான நுனி மெல்லிய நைலானில் ஊசிபோல இறங்கும்.

ஒட்டுகள் பாயின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். ஸ்நஃபர் வாயிலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கயிறு டாக் கயிற்றையோ ஷீட்டையோ சுற்றாமல் நேராகப் போக வேண்டும்.

நீளத்தைப் பற்றி: பாய் அடங்கியிருக்கும் நிலையில் அளந்து வெட்டிவிடாதீர்கள். அப்போது கயிறு தாராளமாகத் தெரியும். பாய் முழுக்க ஏறிக் காற்றில் விரிந்து நிற்கும்போதுதான் கயிறு அதிகம் தேவைப்படும். குறைவாக வெட்டினால் பாயின் வயிறு உள்ளே இழுக்கப்பட்டுக் குழிவிழும். வேகம் போகும், ஒட்டும் பிய்ந்துவிடும். 30 மீட்டர் முழுவதையும் கோத்து, கடலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு தேவையற்றதை வெட்டுங்கள்.

7. டாக் கயிறு

பாயின் முன்மூலையில் தொடங்கி, போல் நுனியிலுள்ள கப்பி வழியாகப் பின்னோக்கி ஓடி, பாய்மர அடியருகே கிளீட்டில் முடியும். பல படகுகளில் இந்தக் கயிற்றைச் சிறு கப்பி ஒன்றால் ஹாலியார்டோடு சேர்த்திருப்பார்கள்; ஹாலியார்டை இழுத்தாலே முன்மூலையும் நுனிக்கு ஓடிவிடும். உங்கள் படகில் அந்த ஏற்பாடு இருந்தால் கழற்றாதீர்கள். புதிதாகக் கட்டுபவர்கள் முதல் பருவத்துக்குத் தனிக் கயிறு, தனிக் கிளீட் என்று வைத்துக்கொள்வது நல்லது. எதை இழுத்தால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பழகலாம்.

தனிக் கிளீட் வைத்தால் இறக்கும்போது அதையும் விடுவிக்க வேண்டும். மறந்தால் முன்மூலை போல் நுனியிலேயே நிற்க, மற்றப் பகுதி மட்டும் ஸ்நஃபரின் வாய்வரை வந்து இறுகிக்கொள்ளும். டாக் கிளீட்டையும் ஹாலியார்ட் கிளீட்டையும் ஒரே கை எட்டும் தூரத்தில் வையுங்கள்.

8. ஷீட்

ஒரே நீளக் கயிறாக இருப்பது நல்லது. இரு முனைகளும் பாயின் பின்மூலையில் கட்டப்பட்டு, நடுப்பகுதி ட்ரம்போலின் குறுக்காகக் கிடக்கும். பக்கம் மாறும்போது எந்தக் கயிற்றை எடுப்பது என்று தேட வேண்டியிருக்காது. ஓட்டுநர் மாற்றி மாற்றிப் பிடிப்பதால் 7 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன் கைக்குச் சுகம். பாயை ஒட்டிய இரண்டு மீட்டர் மெலிந்திருந்தால் மெல்லிய காற்றில் பாய் தொங்காது.

பின்மூலையிலிருந்து வரும் ஷீட், ஷ்ரௌட் கம்பிக்கு (பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்குவது) வெளியே போய், பின்பக்கக் கப்பி வழியாக முன்பக்க ராட்செட்டுக்கு வரும். சில படகுகளில் ராட்செட் மட்டுமே இருக்கும். ராட்செட்டின் திசை முக்கியம்: கயிற்றை உங்களை நோக்கி இழுக்கும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்க வேண்டும், வெளியே போகும்போது பிடிக்க வேண்டும். தலைகீழாகக் கோத்திருந்தால் சத்தமும் பிடிப்பும் மாறிப்போகும். காற்றில் கயிறு உங்கள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடும்.

பயன்பாட்டில் இல்லாத பக்கத்து ஷீட் ஃபோர்ஸ்டேவுக்கு முன்னாலும் ஸ்பின்னக்கரின் முன்விளிம்புக்குப் பின்னாலும் போக வேண்டும், அதாவது இரண்டுக்கும் நடுவில். போலுக்கு மேலாக, ஜிப்பையும் ஷ்ரௌட்டையும் தாண்டி வெளியே. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். போலுக்கு அடியில் போன ஷீட் முதல் திருப்பத்திலேயே பாயை முடிச்சிட்டுவிடும்.

பாய் ஸ்நஃபருக்குள் முழுக்க அடங்கிய நிலையிலும் ஷீட் இரு பக்கமும் தளர்வாக இருக்க வேண்டும். குட்டையான ஷீட் கடைசி அரை மீட்டரில் பாயை வெளியே பிடித்து நிறுத்தும். அந்த அரை மீட்டர் துணியில் காற்று புகுந்தால் மொத்தப் பாயும் தானாக வெளியே வரத் தொடங்கும்.

9. டேப் சுற்றுங்கள், கரையில் ஏற்றிப் பாருங்கள்

பாய் உரசக்கூடிய ஒவ்வொரு பின், ரிங், போல்ட் முனை மீதும் டேப் சுற்றுங்கள். முக்கியமாக ஷ்ரௌட் அடி, ஃபோர்ஸ்டே சேருமிடம், ஸ்ப்ரெடர் நுனிகள். ஒரு பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் தடவுங்கள். நூல் மாட்டும் இடத்தில் பாயும் மாட்டும்.

பிறகு காற்று அடங்கிய ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். பியூஃபோர்ட் (காற்றின் வலிமையைக் குறிக்கும் அளவு) 2-க்கு மேல் வேண்டாம். படகின் மூக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். படகைத் தரையில் கட்டியும் வையுங்கள். கரையில் விரிந்த ஸ்பின்னக்கர் படகைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

பாயைத் தார்ப்பாய் மேல் விரித்து, தலையிலிருந்து முன்மூலைவரை விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். திருகல் இருந்தால் கையிலேயே தெரியும். மூன்று மூலைகளையும் பௌலைன் முடிச்சால் கட்டி, இறக்கும் கயிற்றை ஒட்டுகளில் கோத்து, முதலில் பாயை ஸ்நஃபருக்குள் இழுங்கள். ஆம், முதல் இழுப்பு உள்ளே. அது சிக்காமல் போனால்தான் ஏற்றிப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

முழுக்க ஏறியதும் கிளீட் அருகே ஹாலியார்டில் சிவப்பு நூலால் ஓர் அடையாளம் தைத்துவிடுங்கள். கடலில் தலை மேலே போய்ச் சேர்ந்ததா என்று அண்ணாந்து பார்க்க நேரம் இருக்காது. நூல் கிளீட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். ஏற்றி இறக்கும் வேலையை இருவரும் இடம் மாறிச் செய்து, கயிறு எங்குமே தயங்காமல் ஓடும்வரை தொடருங்கள். இந்த வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

10. முதல் நாள் கடலில்

கரைக்காற்று வேண்டாம், அது உங்களைக் கடலுக்குள் தள்ளும். கரையோரமாக வீசும் பியூஃபோர்ட் 2, 3 போதும். மிதவை அங்கியில் ஒரு கத்தி கட்டாயம், எளிதில் உருவக்கூடிய இடத்தில்.

ஏற்றும்போது படகைக் காற்றின் போக்கில் திருப்பிக்கொள்ளுங்கள். இறக்கும்போதும் அதே. முதலில் இறக்கும் கயிற்றின் தளர்வை முழுக்க வாங்குங்கள், அதுவரை ஹாலியார்டைத் தொடக் கூடாது. ஷீட்டைச் சற்று இறுக்கமாகவே வைத்திருங்கள். சிலர் அதன் மேல் காலை வைத்து நிற்பார்கள். தளர்ந்த பாய் மூக்குக்கு அடியில் போய்த் தண்ணீரை அள்ளிக்கொண்டால் இரண்டு பேராலும் இழுக்க முடியாது. பாயின் அடிப்பகுதி ஸ்நஃபர் வாய்க்கு வந்ததும் ஹாலியார்டையும் டாக்கையும் விடுவித்து, கைமாற்றிக் கைமாற்றி நிறுத்தாமல் இழுங்கள்.

படகு கவிழ்ந்தால் நிமிர்த்தும் முன் ஸ்பின்னக்கரை உள்ளே இழுங்கள். விரிந்த பாயோடு நிமிரும் படகு மறுபக்கம் கவிழும், அல்லது உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும்.

11. கரைக்கு வந்ததும்

கப்பிகளையும் ஸ்நஃபரையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ராட்செட்டுகளை ஓடும் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவினால்தான் வடகடல் மணல் வெளியேறும். பாயை ஈரத்தோடு ஸ்நஃபரில் அடைத்து வாரக்கணக்கில் விடாதீர்கள், சாயம் ஒன்றோடொன்று ஒட்டும். சிறு கிழிசல்களுக்கு ஸ்பின்னக்கர் டேப்பை இரு பக்கமும் ஒட்டினால் ஒரு பருவம் தாங்கும், ஆனால் துணி உலர்ந்து உப்பில்லாமல் இருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஸ்ப்ளைஸ்கள் இறுகிப் போலின் கயிறுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மூக்கு தூரங்களை மீண்டும் அளந்து இறுக்குங்கள். பாய்மர அடிக் கப்பியில் ஹாலியார்ட் வளையும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். கூடு முதலில் தேய்வது அங்கேதான். அங்கே வெள்ளை இழை தெரியத் தொடங்கினால், தலை முனையில் அரை மீட்டரை வெட்டிக் கயிற்றை நகர்த்திக் கட்டலாம். முதலில் 30 மீட்டர் வாங்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். தேவையற்றதை வெட்டும்போது ஒரு மீட்டரை விட்டுவையுங்கள். நகர்த்திக் கட்டினால் சிவப்பு நூலையும் பிரித்துப் புதிய இடத்தில் தைக்க வேண்டும்.